லிட்டருக்குப் பதினேழு

பல் டாக்டருக்குக் கோபம் வந்தால் முப்பத்திரண்டு பல்லும் வெளியே தெரியும். அத்தனையும் அப்பழுக்கில்லாத வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு அவர் சிரிக்கிறாரா சீறுகிறாரா என்று புரிய ஒரு நிமிஷம் ஆகும்.

"என் காரைக் கொலை பண்ணியிருக்காங்க," என்றார் அவர்.

சுருட்டை பேனா மூடியைக் கழற்றினான். தலையில் ஒரு முடிகூட இல்லாத நாற்பது வயது மனிதனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பது அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இன்றுவரை துலங்காத ஒரே வழக்கு.

"உடல் எங்க இருக்கு டாக்டர்?"

"வாசல்ல நிக்குது. இன்னும் சாகல."

"அப்போ கொலை முயற்சி," என்று பொறுப்பாக எழுதிக்கொண்டான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டீச்சர் அவனைக் கண்ணாலேயே அடக்கினார். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். வீட்டுப்பாடம் எழுதாததற்கு நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகச் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டுத் தேறிய பிறகு, பெரியவர்களின் பொய்யைப் பிடிப்பது சுலபம் என்று இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்.

"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க," என்றார்.

டாக்டர் சொன்னார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. முப்பது வருஷத்துக்கு முந்தைய மாடல். இவர் கைக்கு வந்து ஆறு வருஷம். மூன்று வாரமாக மேட்டில் ஏறும்போதெல்லாம் இன்ஜினுக்குள்ளிருந்து டக் டக் டக்கென்று யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். வேகமும் போய்விட்டது. நேற்று ஒரு பால் வண்டி இவரை முந்திப் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது டாக்டர் கைக்குட்டையை எடுத்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. அந்த மெக்கானிக் பொம்பளைதான். சத்தம் வந்ததும் அவகிட்ட கொண்டுபோனேன். திறந்து பார்த்துட்டு என்ன சொன்னா தெரியுமா? பெட்ரோல் சரியில்லையாம்! நான் போடறது தங்க பெட்ரோல். ஊர்லயே ஒசத்தி. என் மச்சான், என் மனைவியோட அண்ணன், அவரோட பங்க்ல ரெண்டு வருஷமா அது மட்டும்தான் போடறேன். அந்த பங்க் வாசல்ல என் படமே இருக்கு."

"காணாமப் போனவங்க மாதிரியா?" என்றான் சுருட்டை.

"விளம்பரத்துக்கு!"

டாக்டர் பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் டேங்க் நிரம்ப எத்தனை லிட்டர் போட்டார், அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது எத்தனை கிலோமீட்டர் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். ஞாயிறு விடுமுறை; மற்ற நாளெல்லாம் முப்பத்தைந்து. வியாழக்கிழமை மட்டும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போய்விடுவார். கார் வீட்டிலேயே நிற்கும்.

"வாரத்துக்கு நூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை போட்டா பத்தே லிட்டர்தான் பிடிக்கும். லிட்டருக்குப் பதினேழரை! ரெண்டு வருஷமா! இப்போ பாருங்க. இருபத்தஞ்சு லிட்டர். லிட்டருக்கு ஏழு. பதினேழு எங்கே, ஏழு எங்கே? ஏதோ ஒரு பாகத்தைக் கழட்டித் தின்னுட்டா அவ."

"ஜீரணமாயிருக்கும்," என்று சுருட்டை முணுமுணுத்தான்.

"சீட்டைக்கூட அவ ஒழுங்கா முடுக்கல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலயும் உட்கார்ந்தா முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்கும். சீட்டு நாலு விரல் அளவு முன்னாடி வந்திருக்கும். தானாவே!"

டீச்சர் தலையை நிமிர்த்தினார். "இப்பவும் வருதா?"

டாக்டர் யோசித்தார். "மூணு வாரமா வரல."

"பரவாயில்லையே, அதுவாவது குணமாயிடுச்சு," என்றான் சுருட்டை.

டாக்டர் அவனைப் பொருட்படுத்தவில்லை. இன்று நான்கு மணிக்குப் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கக் கூட்டம். சங்கத்தில் நாற்பது கார்கள். எல்லாம் அந்த மெக்கானிக்கின் கையில்தான் ஓடுகின்றன. அவளைச் சங்கத்துப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று டாக்டர் தீர்மானம் கொடுத்திருக்கிறார். "நாலு மணிக்குள்ள அவதான் பண்ணினான்னு நிரூபிச்சுக் குடுங்க."

"யார் பண்ணினாங்கன்னு நிரூபிக்கறேன்," என்றார் டீச்சர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டாக்டருக்கு உறைக்கவில்லை.

*

மெக்கானிக்கின் பட்டறையில் பத்து வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒன்று நின்றது. அதுவும் அவளுடைய சொந்த ஸ்கூட்டர். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. துடைத்த தரையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்த அவள் எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். சுருட்டை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆறடிக்கு ஒரு சுண்டுவிரல்தான் குறைவு.

"டாக்டர் அனுப்பினாரா? நான் எதைத் திருடினேன்னு இன்னிக்காவது முடிவு பண்ணிட்டாரா?"

"ஏதோ பாகம்னார்," என்றான் சுருட்டை. "தின்னுட்டீங்களாம்."

அவள் சிரிக்கவில்லை. "பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். மூணே வாரத்துல எட்டுப் பேர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாரும் காரணம் சொல்லல. பல் வலின்னு போயிருக்காங்க. அவர் ஊசி போடும்போதே என்னைப் பத்தியும் போட்டுவிட்டிருக்கார். வாயைத் திறந்து வச்சுக்கிட்டு எதிர்த்துப் பேசவா முடியும்?"

டீச்சர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். "அந்தக் காருக்கு என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல மேடம். சாதா கார் இன்ஜின் பெட்ரோலை லேசா அமுக்கும். இது கசக்கிப் பிழியும். அந்த அமுக்கலைத் தாங்கற பெட்ரோல் போடணும். தாங்காததைப் போட்டா, முறை வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சிடும். அந்தச் சத்தம்தான் டக் டக். தொடர்ந்து ஓட்டினா இன்ஜின் உள்ளுக்குள்ளேயே ஓட்டையாயிடும்."

"பெட்ரோல்ல தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தேழுன்னு நம்பர் போடறாங்களே, அது வலுவா?" என்று சுருட்டை கேட்டான். இத்தனை நாளும் அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வலு இல்லங்க, பொறுமை. நம்பர் ஏற ஏற அமுக்கலைத் தாங்கற பொறுமை ஜாஸ்தி. பொறுமை தேவைப்படாத வண்டிக்குப் பெரிய நம்பர் போட்டா வீண். தேவைப்படற வண்டிக்குச் சின்ன நம்பர் போட்டா இன்ஜின் காலி."

சுருட்டை தன்னை ஒரு எண்பது என்று மதிப்பிட்டான். டீச்சரை மதிப்பிடத் தைரியம் வரவில்லை.

"தங்க பெட்ரோல் போடறதா டாக்டர் சொல்றாரே?" என்றார் டீச்சர்.

"தங்கத்துக்குத் தொண்ணூத்தேழுன்னு எழுதியிருக்கு. உள்ள வர்றது தொண்ணூத்தேழா இருந்தா அந்த இன்ஜின் இப்படித் தட்டாதுன்னு சொன்னேன். அவ்வளவுதான் நான் செஞ்ச குத்தம்."

"கடைசியா ஒண்ணு. அந்தக் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

"ஏழு. பின்னாடியிருந்து காத்து அடிச்சா ஏழரை."

"பதினேழு?"

இப்போது அவள் சிரித்தாள். "ஓடும். கயிறு கட்டி வேற வண்டி இழுத்துட்டுப் போச்சுன்னா."

*

பங்க் வாசலில் டாக்டரின் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. சிவப்புக் காரில் சாய்ந்தபடி எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தார். 'என் காருக்குத் தங்கம் மட்டுமே!'

"ரோட்டுல போறவன் பல் பொடி கடைன்னு நினைச்சு வண்டியைத் திருப்பிடுவான்," என்றான் சுருட்டை.

மூன்று பம்புகள். டீசலுக்குக் கறுப்பு, சாதா பெட்ரோலுக்குப் பச்சை. மூன்றாவது பம்புக்குத் தலைமுதல் கால்வரை தங்க நிறம். அதன் முன்னால் மட்டும் ஒரு சிவப்புக் கம்பளம். அங்கே நின்ற ஊழியர், வண்டி வந்தால் சல்யூட் அடித்து, தானே மூடியைத் திறந்து, நிரப்பி, தானே மூடி, கண்ணாடியையும் துடைத்து அனுப்பினார். வண்டிக்காரர்கள் இறங்கவே இல்லை. இறங்கவிட்டால்தானே எதையாவது பார்ப்பார்கள் என்று சுருட்டைக்குத் தோன்றியது.

அவன் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் தரையைப் பார்த்தபடி நடந்தார்.

"ஏதாவது விழுந்துடுச்சா டீச்சர்?"

டீச்சர் ஊழியரைக் கூப்பிட்டார். "தம்பி, லாரி வந்தா பெட்ரோலை எங்க இறக்கும்?"

"இங்கதான் மேடம். கீழ டேங்க் இருக்கு." அவர் கை காட்டிய இடத்தில் தரையோடு தரையாக வட்டமான இரும்பு மூடிகள். "கறுப்பு மூடி டீசல். பச்சை மூடி பெட்ரோல்."

"தங்கத்துக்கு?"

ஊழியர் கறுப்பு மூடியைப் பார்த்தார். பச்சை மூடியைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் முதன்முறையாக யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"முதலாளியைக் கேளுங்க மேடம்."

முதலாளி தானாகவே வந்தார். தொப்பைக்கு ஏற்ற சிரிப்பு. விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு இரண்டு பட்டன் இறுகியது. "தங்கத்துக்குத் தனி டேங்க். பின்பக்கம் இருக்கு."

டீச்சர் கண்ணைக் காட்ட, சுருட்டை பின்பக்கம் போய்விட்டு வந்தான். "பார்த்தேன் டீச்சர். ரெண்டு கழிப்பறை. அதுக்குக் கீழயும் ஒரு டேங்க் இருக்கு. ஆனா அதுல வர்றது வேற வாசனை."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. தங்கம்ங்கறது பம்போட பேரு. பம்பு தங்கக் கலர்தானே? நான் எங்க பொய் சொன்னேன்?"

"அந்தத் தொண்ணூத்தேழு?"

"அது பம்போட நம்பர்."

"அப்போ பச்சை பம்ப் தொண்ணூத்தாறாவதா?" என்றான் சுருட்டை. "மிச்ச தொண்ணூத்தஞ்சு பம்பும் எங்க சார், கழிப்பறைக்குப் பின்னாடியா?"

முதலாளி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேனில் ஏறியதும் சுருட்டை ஸ்டியரிங்கைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. ரெண்டு பம்புக்கும் ஒரே பெட்ரோல். மெக்கானிக் சொன்னது சரி. போய்ச் சொல்லிட்டு மதியச் சாப்பாட்டைப் பார்ப்போம்."

"முடியல," என்றார் டீச்சர். "ரெண்டு வருஷமா இதே போலித் தங்கம்தான் போடறார். அப்போ ரெண்டு வருஷமா தட்டியிருக்கணுமே? ஏன் மூணு வாரமா மட்டும் தட்டுது?"

சுருட்டையின் பசி அடங்கியது.

"எல்லாரும் மூணு வாரமா வர்ற ஏழுங்கற கணக்கைப் பார்த்துக் கத்தறாங்க. ஏழுதான் நிஜம். கேஸே அந்தப் பதினேழுதான்." டீச்சர் நீல நோட்டைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை பத்து லிட்டர் போட்டா டேங்க் நிரம்பிடும். பத்து லிட்டர்னா எழுபது கிலோமீட்டர். அது எத்தனை நாள் ஓட்டம்?"

"ரெண்டு நாள்."

"வெள்ளி, சனி. அப்படின்னா வியாழக்கிழமை ராத்திரி டேங்க் நிரம்பி நின்னிருக்கு. அவர் போடாமலேயே."

சுருட்டை சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். "அதாவது, ஒரு ஆள் வாராவாரம் திருட்டுத்தனமா வந்து, இருக்கற பெட்ரோலை எடுக்காம, இல்லாத பெட்ரோலை ஊத்திட்டுப் போயிருக்கான். இப்படி ஒரு திருடன் எங்க வீட்டுப் பக்கம் வரமாட்டேங்கறானே!"

"நல்ல பெட்ரோலை. அது கலந்ததாலதான் இன்ஜின் தட்டாம இருந்துச்சு. மூணு வாரமா நிறுத்தியாச்சு, சத்தம் வந்துடுச்சு. சரி, டாக்டர் வீட்டுக்குப் போ. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

தண்ணீர் வேனிலேயே இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் டீச்சரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். டாக்டர் வீட்டுக்குள் தனியாகப் போனவர் கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். தாகம் தீர்ந்தவர் முகம் மாதிரி இல்லை.

*

சங்கக் கூட்டம் மிகச் சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது. நேரத்துக்குக் கிளம்பாத கார்களை வைத்திருப்பவர்கள் நேரத்துக்கு வந்திருந்ததே சுருட்டைக்கு ஆச்சரியம். நீளமான அறை, இரும்பு நாற்காலிகள். முன்வரிசையில் மெக்கானிக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. டாக்டரின் மனைவி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். சின்ன உருவம். இரும்பு நாற்காலியில் அவருடைய பாதம் தரையில் முழுசாகப் பதியவில்லை.

டாக்டர் எழுந்து, நீல நோட்டைத் தூக்கிக் காட்டி, பத்து நிமிஷம் முழங்கினார். பதினேழு எங்கே, ஏழு எங்கே என்று மூன்று தடவை கேட்டார். "துப்பறியறவங்களே வந்திருக்காங்க. அவங்க வாயாலயே கேளுங்க!"

டீச்சர் எழுந்தார். தங்க பம்ப், இரண்டு மூடி, பத்து லிட்டர், வியாழக்கிழமை. பாடம் நடத்துவதுபோல் ஐந்தே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். பலர் வாசலில் நிற்கிற தங்கள் கார்களை எட்டிப் பார்த்தார்கள். சங்கத்தில் பாதிப் பேர் தங்கம் போடுகிறவர்கள்.

"அபத்தம்!" என்றார் டாக்டர். "பூட்டின ஷெட்டுக்குள்ள வந்து எவன் ஊத்துவான்?"

"சாவி இருக்கறவங்க. காரை வெளிய எடுத்து, ஓட்டிட்டுப் போய், வேற பங்க்ல நிரப்பிட்டு வந்து விடறவங்க. பெடல் எட்டறதுக்குச் சீட்டை நாலு விரல் முன்னாடி இழுத்துக்கறவங்க." டீச்சர் மெக்கானிக் பக்கம் கையைக் காட்டினார். "எழுந்திருங்க."

மெக்கானிக் எழுந்தாள். டாக்டரைவிட ஒரு தலை உயரமாக நின்றாள். இவள் அந்தக் காரில் உட்கார வேண்டுமென்றால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும். போதாவிட்டால் கூரையையும் கழற்ற வேண்டும். அது சங்கத்தார் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

டீச்சர் மேலே பேசவில்லை. கடைசி வரிசையைப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் என்ன பேச்சு நடந்தது என்று சுருட்டைக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தம்மா எழுந்திருக்காவிட்டால் டீச்சர் பெயரைச் சொல்வாரா மாட்டாரா என்பது அவனுக்கே தெரியாது.

நாற்காலி கிரீச்சிட்டது.

"நான்தாங்க," என்றார் டாக்டரின் மனைவி.

டாக்டர் திரும்பினார். பற்கள் தெரிந்தன. சிரிப்பா கோபமா என்று இந்தத் தடவை அவருக்கே தெரிந்திருக்காது.

"நீயா? உனக்கு அந்தக் கார் ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா ஓட்டறேங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை. நல்லாவே ஓட்டறேன்." கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணன் அந்தத் தங்க பம்பைத் திறந்த முதல் வாரமே வண்டி தட்ட ஆரம்பிச்சுது. போய்க் கேட்டேன். சிரிச்சாரு. 'உன் புருஷனுக்குத் தங்கம்னு எழுதியிருந்தாப் போதும்மா'ன்னாரு. உங்ககிட்ட சொன்னா அண்ணன் மானம் போகும். சொல்லாட்டி வண்டி போகும். அதான் வேற பங்க்ல நல்லதா வாங்கி நிரப்பிட்டு வந்தேன். நீங்க மைலேஜ் மைலேஜ்னு சந்தோஷமா எழுதினீங்க. எழுதட்டும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

"ஒருநாள் சாப்பிடும்போது, வேற பெட்ரோல் போட்டுப் பாருங்களேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? 'பெட்ரோல் தேர்ந்தெடுக்கறது துணி எடுக்கற மாதிரி இல்ல, மூளை வேணும்'னீங்க. சரி, இனிமே மூளையே ஓட்டட்டும்னு விட்டுட்டேன்." அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். "அதோட பழி இந்தப் பொண்ணு தலையில விடியும்னு நினைக்கலம்மா. தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும். அண்ணனுக்காக மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தப்பு என்னுது."

மெக்கானிக் கண்ணைத் துடைக்க எடுத்த துணியில் கிரீஸ் இருந்ததால் முகமெல்லாம் கறுப்பாயிற்று.

தங்கம் போடுகிற பாதிச் சங்கம் ஒரே குரலில் பங்க் முதலாளியின் விலாசத்தைக் கேட்டது. விலாசம் எல்லோருக்கும் தெரியும், கேட்டது ஆத்திரத்தில். நாற்காலிகள் சரிந்தன. தீர்மானத்தைச் செயலாளர் நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஓடினார்.

கூட்டம் கலைந்த பிறகும் டாக்டர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்போ அந்தப் பதினேழு?" என்றார் பரிதாபமாக.

"அது உங்க வீட்டம்மா குடுத்த மைலேஜ் சார்," என்றான் சுருட்டை. "எந்தக் கம்பெனியும் தராது."

டாக்டர் மெல்ல நடந்து மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றார். அவளைப் பார்க்க அவர் அண்ணாந்துதான் ஆக வேண்டும். அப்படியே நின்றார். "உன்னை... உங்களைப் பத்தி எங்கெங்க என்னென்ன சொன்னேனோ, அங்கங்க நானே போய்த் திருப்பிச் சொல்றேன். ஒரு ஆள் விடாம."

"ஊசி போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க டாக்டர்," என்றாள் அவள். "அப்பத்தான் காது கேக்கும்."

வாசலில் சிவப்புக் கார் வெயிலில் நின்றது. டாக்டர், அவர் மனைவி, மெக்கானிக், டீச்சர், சுருட்டை என்று ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இதுக்கு எதுதான் சரியான பெட்ரோல்? நீ எப்படிக் கண்டுபிடிச்ச? யாரைக் கேட்ட?"

"யாரையும் கேக்கலைங்க," என்றார் மனைவி. "பெட்ரோல் மூடியை நீங்க ஒருநாளும் கையால திறந்ததில்ல. திறந்து பாருங்க."

டாக்டர் குனிந்து, அதை எந்தப் பக்கமாகத் திறப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை தடுமாறி, திறந்தார். மூடியின் உட்பக்கத்தில், முப்பது வருஷமாக மங்காத சிவப்பு எழுத்தில், மூன்று மொழிகளில், கார் செய்தவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள்: தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு அடுத்த மொழியில் படித்தார். மூன்றாவது அவருக்குத் தெரியாத மொழி. அதையும் விடாமல் கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.